திண்ணைக்கு வந்த வர்த்தமானம்

1870-ஆம் ஆண்டில் பம்பாயை இங்கிலாந்தோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பி, முன்னெல்லாம் மாதக்கணக்கில் கப்பலேறி வந்துகொண்டிருந்த சீமை வர்த்தமானத்தைச் சொற்ப காலத்திலே நம் தேசத்தின் கரையில் கொண்டுவந்து சேர்த்தது. ஆயினும் கடல் தாண்டி வந்த அந்தச் செய்தி சென்னை அச்சுக்கூடத்திலிருந்து தஞ்சை ஜில்லாவின் ஒரு கிராமத்துத் திண்ணையை எட்டுவதற்கு இடையே நின்றது பாஷையின் தூரமாகையால், அதைக் கடக்க எந்தக் கம்பியும் உதவவில்லை. மனிதர்கள்தாம் உதவ வேண்டியிருந்தது. அவ்விதம் உதவியவர்களுள் முதல்வராக நான் வணங்குவது திருவையாற்றிலே 1855-இல் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயரை.

அவருக்கு முன்பு தமிழில் பத்திரிகையே இல்லையென்று சொல்வதற்கில்லை. 1841-இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்கப் பாதிரிமார் ‘உதயதாரகை’யைத் தொடங்கினார்கள், 1855-இல் சென்னையில் பெர்ஸிவல் பாதிரியாரின் ‘தினவர்த்தமானி’, பெயரில் தினம் இருந்தாலும், வாரந்தோறும் வந்தது. ஆனால் ராஜாங்கத்தின் நடவடிக்கையைக் குடிமகன் விசாரிக்கலாம் என்னும் எண்ணத்தோடு தமிழில் எழுந்த பத்திரிகை வேறு வகையானது.

அதன் கதை ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் தொடங்குகிறது. 1878-இல் திருவாரூர் முத்துசாமி ஐயர் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி ஸ்தானம் பெற்றபோது, வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் இந்தியர் ஒருவருக்கு அந்தப் பதவி தகாதென்று எழுத, அதைப் பொறாத ஆறு இளைஞர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாக் கடன் வாங்கி, அந்த வருஷம் செப்டம்பர் 20-ஆம் தேதி ‘ஹிந்து’வின் முதல் இதழை எண்பது பிரதிகள் அச்சிட்டார்கள். அவர்களுள் தலையாயவர் சுப்பிரமணிய ஐயர். அதே 1878-இல்தான் லிட்டன் பிரபுவின் ராஜாங்கம், இங்கிலீஷ் பத்திரிகைகளை விட்டுவிட்டுத் தேசபாஷைப் பத்திரிகைகளை மாத்திரம் அடக்குவதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. சர்க்கார் எந்தப் பாஷைக்கு அஞ்சிற்று என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமோ?

1882-இல் ஐயர் ‘சுதேசமித்திர’னை வாரப் பத்திரிகையாக ஆரம்பித்தார். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்த பெருமை அவருடையது. விதவையாகிவிட்ட தம் மகளுக்கு மறுவிவாகம் செய்துவைத்து, அதன் பொருட்டு உறவினரும் ஊராரும் விலக்கிவைத்ததைப் பொறுத்துக்கொண்ட தைரியமும் அவருடையது. இருபது வருஷம் தம் கையால் வளர்த்து, கவர்னர் முதற்கொண்டு படிக்கும்படி உயர்த்திய இங்கிலீஷ் பத்திரிகையை விட்டு 1898-இல் அவர் விலகினார். மறு வருஷமே ‘சுதேசமித்திரன்’ தினசரியாயிற்று. சந்தாதாரரைத் தேடித் தேடிச் சேர்க்கவேண்டிய அந்நாளில், இங்கிலீஷ் அறியாத ஜனங்களை நம்பித் தினந்தோறும் ஒரு தமிழ்ப் பத்திரிகை நடத்தத் துணிந்ததை, காங்கிரஸ் மேடையில் அவர் நிகழ்த்திய பிரசங்கங்கள் எல்லாவற்றினும் பெரிய காரியமாக நான் கருதுகிறேன்.

வாரப் பத்திரிகைக்காரனுக்குச் சொல்லைத் தேட ஆறு நாள் உண்டு; தினசரிக்காரனுக்கு அந்தப் பொழுதே உண்டு. தந்திகள் இங்கிலீஷில் வந்து விழுகின்றன. பட்ஜெட், கமிஷன், யுத்த ஒப்பந்தம் என்று பழந்தமிழ் நூல்களில் இடம்பெறாத விஷயங்களையெல்லாம் அச்சுக் கோப்பவர் கேட்பதற்குள் தமிழாக்கித் தரவேண்டும். அச்சுக் கோப்பவரின் பாடோ அதனினும் பெரிது: கு, கூ, சு, சூ என்று உகர ஊகார உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஈய எழுத்து இருந்தமையால், நூற்றுக்கு மேற்பட்ட அறைகளின் முன் நின்று, விளக்கொளியில், எழுத்தெழுத்தாகப் பொறுக்கிச் சேர்த்தவர் அவர். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பத்திரிகையின் பக்கத்திலும் இடம்பெறவில்லையே என்று எனக்கு எப்போதும் வருத்தம்.

1904-ஆம் ஆண்டின் இறுதியில், மதுரைச் சேதுபதி ஹைஸ்கூலில் சில மாதம் தமிழ்ப் பண்டிதராயிருந்த ஓர் இளைஞரை ஐயர் அழைத்துவந்து, இந்த மொழிபெயர்க்கும் வேலையில் அமர்த்தினார். அவர் சுப்பிரமணிய பாரதி. கவிதையில் தங்குதடையில்லாமல் ஓடிய அந்தக் கை, ‘மெம்பர்’ என்ற ஒரு சொல்லின் எதிரில் தயங்கி நின்றதைப் பிற்காலத்தில் அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். நேரான தமிழ்ப் பதத்தை அரைமணி நேரம் தேடியும் ஒன்றும் மனத்துக்கு இசையாமல், முடிவில் ‘மெம்பர்’ என்றே எழுதிவிட்டாராம். நம் வசன நடை இத்தகைய அரைமணி நேரங்களில் உருவானது.

இவ்வளவு சிரமத்தில் பிறந்த தாள் கிராமத்துக்குத் தபாலில் சென்றதும் ஒருவருடைய சொத்தாக இருக்கவில்லை. எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பலர் சூழ்ந்திருந்து கேட்பார்கள், இடைமறித்து வினவுவார்கள், சந்தேகப்படுவார்கள். புராணம் கேட்டுப் பழகிய செவிகள் வரியையும் பஞ்சத்தையும் பற்றிக் கேட்கலாயின. புராணம் படிப்பவரிடம் கேட்கத் துணியாத கேள்வியைப் பத்திரிகை படிப்பவரிடம் கேட்டார்கள் என்பதே இதில் நான் காணும் பெரிய மாறுதல்.

ராஜாங்கமும் இதைக் கண்டது. 1908-இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி, நோயால் நலிந்திருந்த ஐயரைக் கைதுசெய்தார்கள். 1906 முதல் பாரதியின் எழுத்தைத் தாங்கிவந்த ‘இந்தியா’ வாரப் பத்திரிகையின் பேரிலும் வழக்கு வர, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார்; பத்திரிகையும் அவ்விடம் சென்று சிறிது காலம் நடந்து ஓய்ந்தது. 1915-இல் ‘சுதேசமித்திரன்’ ஏ. ரங்கசாமி ஐயங்கார் கைக்கு மாறியது. 1916-இல் சுப்பிரமணிய ஐயர் காலமானார். நான்கு வருஷத்துக்குப் பின், புதுச்சேரி வாசம் முடிந்து வந்த பாரதியார், தம்மை முதலில் அழைத்தவர் இல்லாத அந்தக் காரியாலயத்துக்கே திரும்பி, மீண்டும் உதவியாசிரியராக அமர்ந்தார். 1921 செப்டம்பரில் அவர் கண்மூடியபோது அவர் வகித்த உத்தியோகம் அதுவே.