பிணைய முகவரி மாற்றத்தின் வரலாறு

பிணைய முகவரி மாற்றம் (நாட்) என்பது, வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள பல கணினிகள் ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பகிர்ந்து இணையத்தைப் பயன்படுத்த உதவும் நுட்பம் ஆகும். முகவரித் தட்டுப்பாட்டுக்குத் தற்காலிகத் தீர்வாக 1990களில் முன்வைக்கப்பட்ட இது, இன்று பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் நிலைபெற்றுவிட்டது.

பின்னணி

இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பை (ஐ.பி.வி4) 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 791 ஆவணம் வரையறுத்தது. இதன் முகவரிகள் 32 பிட் நீளமுடையவை, மொத்தம் 4,294,967,296. முகவரிகள் வகுப்பு வாரியாகத் தொகுதிகளாகவே வழங்கப்பட்டன. 'சி' வகுப்புத் தொகுதியில் 256 முகவரிகளும் 'பி' வகுப்பில் 65,536 முகவரிகளும் இருந்தன. ஆயிரம் கணினிகள் கொண்ட நிறுவனத்துக்கு ஒரு 'சி' தொகுதி போதாது. 'பி' தொகுதி பெற்றால் பெரும்பகுதி வீணாகும். இதனால் 'பி' தொகுதிகள் விரைவில் தீர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது.

தோற்றம்

1994 மே மாதம் கியெல்ட் எகவாங், பால் பிரான்சிஸ் ஆகியோர் எழுதிய ஆர்.எஃப்.சி. 1631 இந்நுட்பத்தை விவரித்தது. நீண்டகாலத் தீர்வு வரும்வரை பயன்படும் ஏற்பாடாகவே அவர்கள் இதைக் கருதினர். அலுவலகங்களின் உள் பயன்பாட்டுக்கெனத் தனி முகவரிகளை ஒதுக்கும் திட்டமும் அதே ஆண்டு வெளியாகி, எதிர்ப்பையும் சந்தித்தது. 1996 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 1918 அதை உறுதிசெய்தது. வீட்டு ரவுட்டர்களில் காணப்படும் 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் இந்த ஒதுக்கீட்டைச் சேர்ந்தவை.

செயல்படும் முறை

வீட்டுக் கணினி ஒன்று இணையத்துக்குத் தரவுப் பொதியை அனுப்பும்போது, ரவுட்டர் அதன் உள் முகவரியையும் போர்ட் எண்ணையும் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பின் அவற்றுக்குப் பதிலாகத் தன் பொது முகவரியையும் வேறொரு போர்ட் எண்ணையும் இட்டு அனுப்புகிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கணினிக்குச் சேர்க்கிறது.

விளைவுகள்

வெளியிலிருந்து தானாக வரும் தொடர்புக்கு அட்டவணையில் பதிவு இராது. எனவே உள்ளிருக்கும் கணினி வெளியே பேசலாம். வெளியார் அதை நேரடியாக அழைக்க இயலாது. இது ஓரளவு பாதுகாப்பைத் தந்தாலும் தீச்சுவருக்கு மாற்றாகாது. எந்தக் கணினியும் எந்தக் கணினியுடனும் நேரடியாகப் பேசலாம் என்ற இணையத்தின் அடிப்படைக் கொள்கையும் இதனால் தளர்ந்தது. இணையத் தொலைபேசி, பல்லாட்டக்காரர் விளையாட்டுகள், வீட்டிலிருந்தே இயக்கும் வழங்கிகள் ஆகியன இடர்ப்பட்டன. போர்ட் ஃபார்வர்டிங், 2003இல் வரையறுக்கப்பட்ட ஸ்டன் நெறிமுறை போன்ற மாற்றுவழிகள் தேவைப்பட்டன.

இன்றைய நிலை

எதிர்பார்க்கப்பட்ட நீண்டகாலத் தீர்வு, 128 பிட் முகவரிகள் கொண்ட ஐ.பி.வி6 ஆக 1995 டிசம்பரில் வெளியானது. ஆனால் முகவரி மாற்றம் தட்டுப்பாட்டைத் தணித்ததால் புதிய பதிப்புக்கு மாறும் அவசரம் குறைந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகளாவிய இருப்பின் கடைசி ஐ.பி.வி4 தொகுதிகள் வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதன்பின் இணையச் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின்கீழ் இணைப்பது பெருகியது. 2012இல் இதற்கென 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் ஒதுக்கப்பட்டன. ரவுட்டரின் வெளிமுகவரி இந்த எல்லைக்குள் இருந்தால், வீட்டில் போர்ட் ஃபார்வர்டிங் அமைத்தாலும் வெளியிலிருந்து தொடர்புகொள்ள இயலாது. ஐ.பி.வி6 இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைப்பதால் இத்தடை நீங்குகிறது. காவல் பணியைத் தீச்சுவர் ஏற்கிறது.