ஒகேனக்கல் ஆற்றிடுக்கு

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் வட்டத்திலுள்ள ஒகேனக்கல், காவிரி பல கிளைகளாகப் பிரிந்து அருவிகளாக விழுந்து, பின் ஆற்றிடுக்கின் வழியே, அதாவது நீர் அறுத்த பாறைச்சுவர்களுக்கிடையே, மேட்டூர் நோக்கிப் பாயும் இடமாகும். இங்கு தவறவிடக்கூடாதது பரிசல் பயணமே. பிளந்த மூங்கிலை வட்டக் கூடையாகப் பின்னி, முற்காலத்தில் தோலாலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பாலும் அடிப்புறத்தைப் போர்த்தித் தார் பூசிய இப்படகை ஓட்டுபவர், ஒற்றைத் துடுப்பால் வலித்துப் பாறைச்சுவரை ஒட்டியே செலுத்தி, அருவிச் சாரல் முகத்தில் தெறிக்கும் தொலைவுவரை கொண்டு செல்வார். நடு ஆற்றில் தின்பண்டம் விற்கும் பரிசல்களும் வந்து ஒட்டிக்கொள்வதுண்டு. கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவோரிடம் உடம்பைப் பிடித்துவிடச் சொல்லி அருவியில் குளிப்பதும், ஆற்று மீனை வாங்கிக் கொடுத்துச் சமைத்துத் தரச்செய்து உண்பதும் நெடுநாள் வழக்கங்கள். கர்நாடக அணைகளிலிருந்து திறக்கப்படும் நீரால் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வரத்து மிகும்போது பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதால், நீர்வரத்தை அறிந்து புறப்படுவது நன்று; ஆடிப்பெருக்கன்று கூட்டம் மிகுதி.