காதோரக் கட்டி

பொன்னுக்குவீங்கி வந்தால் காதுக்கு முன்னும் கீழும் வீங்குகிறதே, அதுதான் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி. அங்கே வரும் கட்டிகள் பெரும்பாலும் புற்று அல்ல. அவற்றில் அதிகம் காணப்படுவது கலப்புக் கட்டி. சர்ஜன்களை வெகுகாலம் ஏமாற்றியதும் அதுதான்.

வலிக்காது. உருண்டையாக இருக்கும்; வருஷக்கணக்கில் மெல்ல வளரும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் உறையைக் கீறி, பட்டாணி உரிப்பதுபோல் உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துவிடுவார்கள். சுரப்பியின் ஊடாக முகநரம்பு ஓடுகிறது. அது அறுபட்டால் கண் மூடாது, வாய் கோணிவிடும். அந்தப் பயத்தில் செய்ததைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பல வருஷம் கழித்து, அதே இடத்தில் ஒன்றுக்குப் பதில் பல கட்டிகள் முளைத்தன. மறு ஆபரேஷனில் தழும்புக்குள் நரம்பைத் தேடுவது இன்னும் ஆபத்து.

1958-இல் லண்டனில் டேவிட் பேட்டி என்ற சர்ஜனும் (மார்பகப் புற்று ஆபரேஷன் ஒன்றுக்கும் அவர் பெயர் உண்டு) தாக்ரே என்ற நோய்க்குறியியல் நிபுணரும் காரணத்தை எழுதினார்கள். வெட்டியெடுத்த சுரப்பிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, கட்டி தன் உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே மொட்டு விட்டிருந்தது. உரித்தபோது மொட்டுகள் தங்கிவிட்டன. ஆகவே சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து எடுக்கவேண்டும். அதற்கு முதலில் நரம்பைக் கண்டுபிடிக்கவேண்டும்.

மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்தின் 1929-இல் விவரித்த கட்டியின் குணம் வேறு. சிகரெட் பிடிக்கும் வயசாளிகளுக்கு (நம் வயசுக்காரர்கள் கவனிக்க!) அதிகம் வருவது; மெத்தென்றிருக்கும். சிலருக்கு இரண்டு பக்கமும் தோன்றும். மறுபக்கத்தில் வருவது பழைய கட்டியின் மிச்சமல்ல; தனியாக முளைத்த இன்னொன்று.