சத்யன்: குற்றமுள்ள நாயகனும் கொச்சி வணிகர்களும்

மலையாளத் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் ஆலப்புழையின் உதயா, திருவனந்தபுரத்தின் மெரிலாண்ட், சென்னைப் படப்பிடிப்புத் தளங்கள் ஆகியவற்றையே சுற்றி வருவர். படம் எடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வேறொரு நிலப்பரப்பு தெரியவரும். மட்டாஞ்சேரி முதல் இடக்கொச்சி வரை கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீளும் மேற்குக் கொச்சி வணிகத்தால் வளர்ந்தது. நடிகர் சத்யனின் வாழ்க்கையைத் திசைதிருப்பிய இரு படங்களுக்கும் முதலிட்டவர்கள் கொச்சிக்காரர்களே: ‘நீலக்குயில்’ (1954) படத்துக்குச் சந்திரதாரா நிறுவனத்தின் டி. கே. பரீக்குட்டி, ‘செம்மீன்’ (1965) படத்துக்குக் கச்சி மேமன் குடும்பத்து இளைஞர் பாபு இஸ்மாயில் சேட்டு.

1912-இல் திருவனந்தபுரம் அருகே பிறந்த மானுவல் சத்யநேசன், ஆசிரியராகவும் படைவீரராகவும் இருந்து, 1940-களின் பிற்பகுதியில் ஆலப்புழையில் காவல் ஆய்வாளராகப் பணியாற்றியவர். புன்னப்புர-வயலார் எழுச்சியின் இரத்தம் உலராத பகுதி அது. ‘ஆத்மசகி’ (1952) வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது. உயரம் குறைவு, நிறம் கறுப்பு. அன்றைய நாயக இலக்கணம் எதற்கும் அவர் பொருந்தவில்லை. ஹாலிவுட்டில் ஹம்ஃப்ரி போகார்ட்டும் நாற்பதைக் கடந்த பின்னரே முன்னணி நாயகனானார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

‘நீலக்குயில்’ படத்தை ராமு காரியாட்டுடன் இணைந்து இயக்கிய பி. பாஸ்கரன், வயலார் எழுச்சியைப் பாடித் திருவிதாங்கூர் அரசின் தடைக்கு உள்ளான கவிஞர். அவருடைய படத்தில் முன்னாள் காவல் ஆய்வாளர் நாயகன்! இந்த முரணை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததில்லை. உறூபின் கதையில் சத்யன் ஏற்றது ஆசிரியர் ஸ்ரீதரன் நாயர் வேடம்: மழையிரவில் அடைக்கலம் தேடி வந்த தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் நீலியைக் கருவுறச் செய்து, சாதிக்கு அஞ்சிக் கைவிடுபவன். அதே ஆண்டு தமிழில் ‘அந்த நாள்’ படத்தில் சிவாஜி கணேசன் தேசத்துரோகியாக நடித்தார். ஆனால் அவன் சுடப்பட்டு மடிகிறான். ஸ்ரீதரன் நாயருக்குச் சாவில்லை. குற்றத்தைச் சுமந்தபடி அதே ஊரில், மனைவியோடு, மரியாதையோடு வாழ்கிறான். கதறாமல், கண்ணைத் தாழ்த்தும் அசைவிலேயே சத்யன் அந்தக் கோழைத்தனத்தைக் காட்டினார். படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

சந்திரதாராவின் ‘முடியனாய புத்ரன்’ (1961), ‘தச்சோளி ஒதேனன்’ (1964) படங்களிலும் அவரே நாயகன். ‘செம்மீன்’ படத்தில் காதலும் பாடலும் மதுவுக்கு. ஐம்பதைக் கடந்திருந்த சத்யனுக்குக் கிடைத்தது கணவன் பழனி. வயதுப் பொருத்தம் கேள்விக்குரியதே. ஆயினும் ஊராரால் விலக்கப்பட்டுத் தனியே கடலுக்குப் போகும் அந்த மீனவனின் ஐயமும் அன்பும் அவரால்தான் கனம் பெற்றன. தென்னிந்தியாவுக்கு முதல் தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்த படம் இது.

‘ஓடயில் நின்னு’ (1965) படத்தின் ரிக்‌ஷாக்காரன் பப்பு பலருக்கும் பிடித்தவன். எனினும் நடிப்பின் துணிவுக்கு ‘யக்ஷி’ (1968) படத்தையே முதலில் சொல்ல வேண்டும்: முகம் வெந்துபோன வேதியியல் விரிவுரையாளனாக, முகமே மூலதனமான தொழிலில் அதை மறைத்து நடித்தார். ‘கடல்பாலம்’ (1969) அவருக்குக் கேரள அரசின் முதல் சிறந்த நடிகர் விருதைத் தந்தது.

1971 ஜூன் 15 அன்று இரத்தப் புற்றுநோயால் சென்னையில் காலமானார். அவர் மறைந்தபின் அவ்வாண்டே வெளியானது ‘அனுபவங்கள் பாளிச்சகள்’. அதில், ஆலப்புழையில் காவல் சீருடை அணிந்திருந்த அந்த மனிதர், முதலாளியைக் கொன்று தூக்குமேடை ஏறும் தொழிற்சங்கத் தொழிலாளி செல்லப்பனாகத் தோன்றுகிறார்.