எதிரி கையில் இருக்கும் பொருளை மட்டும் குறிவைக்க முடியுமா?

மேசையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் பகடைகள், பாதி தீர்ந்த சிப்ஸ் பாக்கெட். வில்லனின் இடது கையில் மந்திர மருந்துக் குப்பி. அடுத்த சுற்றில் குடித்துவிட்டால் அவன் காயமெல்லாம் ஆறிவிடும்.

"நான் ஆளை அடிக்கல. அந்தக் குப்பியை மட்டும் அம்பால அடிக்கிறேன்," என்கிறீர்கள். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர், அதாவது டிஎம், புத்தகத்தைப் புரட்டத் தொடங்குகிறார். அரை மணி நேரம் போச்சு!

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 1974இல் அறிமுகமான விளையாட்டு அது. இந்தக் கேள்விக்குப் பதிப்புக்குப் பதிப்பு பதில் மாறுகிறது.

ஆளைவிடக் குப்பி சுலபமான இலக்கா?

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் டிஎம் வழிகாட்டி நூலில் பொருள்களுக்கென ஒரு பட்டியல் உண்டு. ஒன்றைத் தாக்குவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண்தான் ஏசி. துணி, காகிதம், கயிறு ஆகியவற்றுக்கு அது 11. கண்ணாடிக்கு 13, மரத்துக்கு 15, இரும்புக்கும் எஃகுக்கும் 19. சிறிய, எளிதில் உடையும் குப்பியாக இருந்தால் அது தாங்கக்கூடிய சேதம் சராசரியாக 2 புள்ளிதான்.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுக் கவசம் போட்ட வில்லனின் ஏசி 18 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தாக்குதலுக்கு +5. ஆளை அடிக்க இருபது முகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். வாய்ப்பு 40 விழுக்காடு. குப்பிக்கு 8 போதும். வாய்ப்பு 65 விழுக்காடு.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அங்குமிங்கும் பாய்கிற ஒருவன் கையில் இருக்கும் குட்டிக் குப்பி, அவனது மொத்த உடம்பைவிடச் சுலபமான இலக்காம். யாராவது நம்புவார்களா?

கதவு, பெட்டி, சன்னல் மாதிரி அசையாமல் இருக்கும் பொருள்களுக்குத்தான் அந்தப் பட்டியல் பொருந்தும். கையில் பிடித்த பொருளை அதை வைத்து அளந்தால் இப்படித்தான் இடிக்கும். பொருளின் ஏசி, அதைப் பிடித்திருப்பவரின் ஏசி, இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வதே நியாயம் என்பது என் கருத்து. குறி சிறிது என்பதற்காக டிஎம் கூடுதல் சிரமம் வைக்கலாம். அதற்குமேல் போனால் யாரும் முயற்சி செய்யவே மாட்டார்கள்.

2003இல் வந்த 3.5 பதிப்பு இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருந்தது. வைத்திருப்பவரின் சுறுசுறுப்பு பொருளின் ஏசியில் சேரும். ஆயுதத்தை உடைக்க "சண்டர்" என்ற தனி விதி. இருவரும் பகடை உருட்டிப் போட்டி போடவேண்டும். நீங்கள் முயலும்போதே எதிரி உங்களை ஒருமுறை இலவசமாக வெட்டலாம். சாதாரண ஒருகை வாளின் கடினத்தன்மை 10, தாங்கும் சேதம் 5. ஆக, ஒரே வெட்டில் உடைக்க 15 புள்ளி சேதம் தேவை.

அப்படியே உடைத்தாலும் ஒரு சிக்கல். உடைந்தது நாளை உங்கள் பைக்குள் வரவேண்டிய வாள்!

உடைக்காமல் தட்டிவிட்டால்?

ஐந்தாம் பதிப்பில் விருப்ப விதியாக அதுவும் உண்டு. நீங்கள் தாக்குதல் பகடை உருட்டுகிறீர்கள். எதிரி உடல்வலுவையோ லாவகத்தையோ வைத்து எதிர்க்கிறார். வென்றால் காயம் கிடையாது, பொருள் கீழே விழும். இரண்டு கையால் பிடித்திருந்தால் உங்களுக்குக் கஷ்டம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தரையில் கிடப்பதை எடுக்கத் தனிச் செயல் தேவையில்லை. தன் முறை வந்ததும் எதிரி குனிந்து எடுத்துக்கொண்டு சண்டையைத் தொடர்வார். ஒரு கையைக் காலியாக வைத்திருந்து, தட்டிவிட்டதை நீங்களே அந்த முறையிலேயே எடுத்துவிடுங்கள்.

மந்திரங்கள் ஏன் கைப்பொருளைத் தொடுவதில்லை?

ஃபயர்பால் வெடித்தால் சுற்றியிருக்கும் எரியக்கூடிய பொருள்கள் பற்றிக்கொள்ளும். யாரும் அணியாத, கையில் வைத்திருக்காத பொருள்கள் மட்டும். 20 அடி ஆரமுள்ள நெருப்பில் நின்றவரின் காகிதச் சுருளுக்கு ஒன்றுமே ஆகாது. சிரிப்பாக இருக்கிறதா? 1979இல் வந்த டிஎம் வழிகாட்டியில் பொருள்களுக்கும் தனிப் பகடை இருந்தது. ஆளுக்குப் பத்துப் பொருள், ஐந்து பேர் என்று வையுங்கள். ஒரு வெடிப்புக்கு ஐம்பது முறை உருட்டவேண்டியிருக்கும்.

விதிவிலக்குகளும் உண்டு. ஹீட் மெட்டல் மந்திரம் எதிரி பிடித்திருக்கும் உலோகப் பொருளையே பழுக்கக் காய்ச்சும். தாங்க முடியாவிட்டால் அவர் கீழே போடவேண்டியதுதான். ரஸ்ட் மான்ஸ்டர் என்ற உயிரினம் தொட்டாலே இரும்பு துருப்பிடிக்கும். அதுகூட நீங்கள் வைத்திருக்கும் பொருளைத் தொட வந்தால், விலகிக்கொள்ள உங்களுக்கு ஒரு பகடை வாய்ப்பு உண்டு.

அனுமதி கேட்பதற்குமுன் இதையும் யோசியுங்கள்: உங்களால் முடிந்தால் எதிரிகளாலும் முடியும். ஆறு மாதம் ஆடிச் சம்பாதித்த மாயவில்லை ஒரு குட்டி காப்ளின் அறுத்துவிட்டால் சம்மதமா? முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லாரும் பேசி முடிவெடுத்தால் நல்லது. சண்டை நடுவில் பேசினால் சண்டை மேசைக்கு வந்துவிடும்.

சரி, அந்தக் குப்பி? அது ஏற்கனவே அவன் கையில் இருந்தால் உங்கள் முறையில் அம்பு விடலாம். இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது என்றால், "அவன் குப்பியை வெளியே எடுத்ததும் அடிப்பேன்" என்று முன்கூட்டியே தயார் நிலையை அறிவித்துவிடுங்கள். "குடிக்கும்போது அடிப்பேன்" என்று சொல்லாதீர்கள். சொன்ன செயல் முடிந்த பிறகுதான் உங்கள் அம்பு கிளம்பும். அதற்குள் குப்பி காலி.