நாகப்பட்டினக் கடற்கரைத் திருத்தலங்கள்

சோழமண்டலக் கடற்கரையில், வடக்கே நாகூருக்கும் தெற்கே வேளாங்கண்ணிக்கும் இடையே, மேற்கில் சிக்கல் வரை பரவிய சிறு நிலப்பரப்பில் அமைந்து, சைவம், வைணவம், இசுலாம், கத்தோலிக்கக் கிறித்தவம் ஆகிய சமயத்தினரின் யாத்திரைக்கு உரியவையாக விளங்கும் வழிபாட்டிடங்கள் நாகப்பட்டினக் கடற்கரைத் திருத்தலங்கள் என இக்கட்டுரையில் ஒருசேரக் குறிக்கப்படுகின்றன. பௌத்தமும் ஒருகாலத்தில் இங்குப் பெயர்பெற்ற தலம் ஒன்றைக் கொண்டிருந்தது. நாகூர் தர்கா நாகப்பட்டினத்துக்கு வடக்கே சுமார் 5 கிலோமீட்டரிலும், சிக்கல் முருகன் கோயில் மேற்கே ஏறக்குறைய அதே தொலைவிலும், வேளாங்கண்ணி மாதா பேராலயம் தெற்கே 10 கிலோமீட்டருக்குச் சற்று மேலும் உள்ளன. சுற்றுலாக் கையேடுகள் இவற்றை மத நல்லிணக்கம் என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடுகின்றன. ஆயினும் இத்தலங்கள் இங்கு நெருங்கி அமைந்ததற்கும், ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தின் வாசலில் நேர்ந்துகொண்டு நிற்பதற்கும் துறைமுகம், கடல் அச்சம், நேர்ச்சை என்னும் மூன்றுமே நெருங்கிய காரணங்களாகும்.

துறைமுகமும் பௌத்த விகாரமும்

நாகப்பட்டினம் சோழர் காலத்தில் தென்கிழக்காசியாவுக்கும் சீனாவுக்கும் செல்லும் கலங்களின் முதன்மைத் துறையாக இருந்தது. சுமத்திராவையும் மலாயாத் தீபகற்பத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் இங்கு எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடப்படும் வரியில்லா நிலமாக, கி.பி. 1006ஆம் ஆண்டளவில் வழங்கினான். சிவபாதசேகரன் என்று பெயர்கொண்ட மன்னன் கடல்கடந்த அரசன் ஒருவனின் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்ததில் சமயப் பொறையும் உண்டு, வணிகக் கணக்கும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க அக்காலத்தவர்க்குத் தேவை ஏற்பட்டதாகத் தெரியவில்லை. இக்கொடையைக் கூறும் செப்பேடுகளும், 1090ஆம் ஆண்டில் முதலாம் குலோத்துங்கன் வழங்கிய சிறிய செப்பேடுகளும் பின்னர் டச்சுக்காரர் வழியே நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தை அடைந்தமையால் பெரிய, சிறிய லெய்டன் செப்பேடுகள் என்றும், கொடையூரின் பெயரால் ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் வழங்குகின்றன.

பர்மாவின் பெகு நகரை ஆண்ட தம்மசேதி மன்னனின் 1476ஆம் ஆண்டுக் கல்யாணிக் கல்வெட்டு, இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் கப்பல் உடைந்து கரையேறிய பிக்குகள் நடந்தே நாகப்பட்டினம் வந்து, பதரிகாராமம் என்னும் பழைய விகாரம் இருந்த இடத்தையும் சீன அரசன் ஆணையால் அமைந்ததாகச் சொல்லப்பட்ட குகையிலிருந்த புத்தர் திருவுருவையும் வணங்கியதைக் கூறுகிறது. ஆகவே 15ஆம் நூற்றாண்டிலும் பௌத்த யாத்திரிகர் இங்கு வந்தனர் என்பது உறுதி. சீனக் கோபுரம் என்றும் புதுவெளிக் கோபுரம் என்றும் அழைக்கப்பட்ட செங்கல் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலும் சிதைந்த நிலையில் நின்றது. மாலுமிகளுக்குக் கரையை அடையாளம் காட்டிய அக்கட்டடத்தை, அங்குக் கல்லூரி நடத்திய இயேசு சபையினர் அரசின் இசைவுபெற்று 1867இல் இடித்தனர். ஒரு சமயத்தின் இடத்தில் மற்றொன்று வந்தமர்ந்த கதை எப்போதும் இணக்கத்தின் கதையாக இருப்பதில்லை என்பதை இந்நிகழ்ச்சி நினைவூட்டுகிறது. 1856 முதல் இப்பகுதியில் கிடைத்த ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளுள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் சூடாமணி விகாரம் இடம்பெற்றதால் பொதுமக்கள் அதன் பெயரை அறிவர்; வழிபாட்டிடமாக அது இன்று இல்லை.

சைவ, வைணவத் தலங்கள்

நாகைக்காரோணம் எனத் தேவாரத்தில் வழங்கும் காயாரோகணேசுவரர் கோயில் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவராலும் பாடப்பெற்றது. திருவாரூரைத் தலைமையாகக் கொண்ட சப்தவிடங்கத் தலங்கள், அதாவது தியாகராசர் எழுந்தருளிய ஏழு தலங்கள், என்பவற்றுள் ஒன்று. இங்குள்ள அம்மன் நீலாயதாட்சிக்கு ஆடிப்பூரம் பெருவிழாவாகும். அறுபத்துமூன்று நாயன்மாருள் பரதவரான அதிபத்தர் இவ்வூர்க் கடற்கரையின் நுளைப்பாடியைச் சேர்ந்தவர். நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவந்த அவர், வறுமை முற்றிய நாளில் கிடைத்த ஒரே பொன்மீனையும் விட்டார் என்பது பெரியபுராணக் கதை. ஆவணியில் நடைபெறும் இதன் நினைவு விழாவில் மீனவர் படகேறிக் கடலுக்குள் செல்கின்றனர். திருமங்கையாழ்வார் பாடிய சௌந்தரராசப் பெருமாள் கோயிலும் இந்நகரில் உள்ளது. அதே ஆழ்வார் நாகையின் பொன் புத்தர் சிலையைக் கவர்ந்து அப்பொன்னால் திருவரங்கத் திருப்பணி செய்தார் என்று வைணவக் குருபரம்பரை நூல்கள் பெருமையோடு கூறுவது, அக்காலச் சமயப் பூசலின் சுவடாகும்.

சிக்கலில் கட்டுமலை மீது அமைந்த நவநீதேசுவரர் கோயில், வசிட்டர் வெண்ணெயால் இலிங்கம் சமைத்தார் என்ற தலபுராணத்தை உடையது. அங்குள்ள சிங்காரவேலர், ஐப்பசிக் கந்தசஷ்டியின் ஐந்தாம் நாளில் அன்னை வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்கும்போது அத்திருமேனியில் வியர்வை அரும்புகிறது என்னும் நம்பிக்கையால் பெருங்கூட்டம் திரள்கிறது. சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சூரனை வென்றான் என்பது மக்கள் வழக்கு. கோலவாமனப் பெருமாளும் இவ்வளாகத்திலேயே எழுந்தருளியுள்ளார்.

நாகூர் தர்கா

தர்கா என்பது இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலம். நாகூரில் அடங்கியுள்ள ஷாகுல் ஹமீது, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் முகம்மது கௌது என்னும் ஞானியிடம் பயின்று, பல நாடுகளில் திரிந்தபின் நாகூரில் தங்கி 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறைந்த சூஃபி ஆவார். காதிர் வலி என்றும், மக்கள் பேச்சில் நாகூர் ஆண்டவர் என்றும், நாகூர் எசமான் என்றும் அவர் அழைக்கப்படுகிறார். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கரைப் பீடித்த நோய்க்கு, ஊசிகள் குத்தி மறைத்து வைக்கப்பட்டிருந்த புறாவே காரணம் என்று அறிந்த அவர், அவ்வூசிகளை அகற்றி மன்னரைக் குணப்படுத்தினார் என்றும், நன்றியாகப் பெற்ற நிலத்திலேயே தர்கா எழுந்தது என்றும் மரபு கூறுகிறது. இன்றும் யாத்திரிகர் நேர்ச்சையாகப் புறாக்களைப் பறக்கவிடுவது இக்கதையை ஒட்டியதாகும்.

ஐந்து மினாராக்களுள் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைத் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டுவித்தார். கடலிலிருந்து பார்ப்போர்க்குக் கரை காட்டும் குறியாக அது பயன்பட்டது. கப்பலுடைமையாளராகவும் மாலுமிகளாகவும் விளங்கிய மரைக்காயர்கள், அதாவது கடல்வணிகத்தில் ஈடுபட்ட தமிழ் முசுலிம்கள், தம் கலங்கள் பாதுகாப்பாகத் திரும்ப இங்கு நேர்ந்துகொண்டனர். ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலை ஷாகுல் ஹமீது இருந்த இடத்திலிருந்தே காப்பாற்றினார் என்ற கதை அவர்களிடையே பெரிதும் பரவியது. தகட்டில் செய்த கப்பல், வீடு, கை, கால், கண் முதலிய உருவங்கள் காணிக்கையாகச் செலுத்தப்படுகின்றன. முடி இறக்குதலும், ஷிஃபா குண்டா எனப்படும் குளத்தில் நோய் தீர நீராடுதலும் இங்கு உண்டு. வருவோரில் இந்துக்கள் பெருந்தொகையினர் என்பது இருவேறு கருத்துக்கு இடமில்லாத செய்தி. காதிர் வலியின் வளர்ப்பு மகனான யூசுபின் வழியினரே பரம்பரையாகத் தர்காவைப் பராமரித்து வருகின்றனர். சேகனாப் புலவரின் ‘திருக்காரணப் புராணம்’, குலாம் காதிறு நாவலரின் ‘நாகூர்ப் புராணம்’ ஆகியவை அவருடைய வரலாற்றைத் தமிழ்ப் புராண மரபில் பாடுகின்றன.

ஆண்டு விழாவான கந்தூரி, ஹிஜ்ரி ஆண்டின் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் பதினான்கு நாள் நடைபெறுகிறது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ஊர்திகளில் கொண்டுவரப்படும் கொடிகள் மினாராக்களில் ஏற்றப்படுகின்றன. பின்னர்ச் சந்தனக்கூடு, அதாவது அரைத்த சந்தனக் குடங்களை ஏந்திய அலங்கார ரதம், நாகப்பட்டினம் அபிராமி அம்மன் கோயில் திருவாசலிலிருந்து இரவில் புறப்பட்டு விடியுமுன் நாகூரை அடைய, அச்சந்தனம் அடக்கத்தலத்தின் மீது பூசப்படுகிறது. இசுலாமிய விழாவின் ஊர்வலம் அம்மன் கோயில் வாசலில் தொடங்குவதை வெளியூரார் வியப்புடன் குறிப்பிட்டாலும், ஊர்மக்களுக்கு அது வெறும் புறப்படும் இடமேயாகும்.

வேளாங்கண்ணிப் பேராலயம்

ஆரோக்கிய அன்னை ஆலயத்தின் தொடக்கத்தை மூன்று மரபுக் கதைகள் விளக்குகின்றன. நாகப்பட்டினத்தில் இருந்த முதலாளிக்குப் பால் கொண்டுசென்ற சிறுவனிடம், குழந்தை இயேசுவை ஏந்திய பெண் ஒருத்தி குளக்கரையில் பால் கேட்டுப் பெற்றாள். பின்னர் நடுத்திட்டு என்னும் இடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் அவளால் நலம் பெற்றான். இறுதியாக, மக்காவோவிலிருந்து இலங்கை நோக்கி வந்த போர்த்துக்கீசியக் கப்பல் புயலில் சிக்கியபோது மாலுமிகள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, செப்டம்பர் 8ஆம் நாளில் வேளாங்கண்ணியில் கரையேறி, ஆலயம் எழுப்பினர். மூன்று கதைகளிலும் நாகப்பட்டினத்து முதலாளியோ நகரத்துச் செல்வரோ கடலோடியோ வருகின்றனர். துறைமுகம் இல்லாமல் வேளாங்கண்ணி இல்லை. மாலுமிகள் அளித்ததாகக் கூறப்படும் சீனப் பீங்கான் தட்டுகள் பீடத்தில் பதிக்கப்பட்டுள்ளன. 1771இல் தனிப்பங்காக உயர்ந்த இவ்வாலயத்துக்கு, 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் ‘பசிலிக்கா’ என்னும் பேராலயத் தகுதியை வழங்கினார்.

ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றத்துடன் தொடங்கி, மாதா பிறந்த நாளான செப்டம்பர் 8 அன்று முடியும் பெருவிழாவுக்குக் காவி உடுத்து, விரதமிருந்து, சிறு தேர்களை இழுத்தபடி நெடுந்தொலைவு நடந்துவரும் யாத்திரிகரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காணலாம். தமிழ், மலையாளம், கொங்கணி, தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் திருப்பலி நிகழ்கிறது. சேலை உடுத்திய மாதா திருவுருவம், முடி இறக்குதல், தொட்டில் கட்டுதல், தென்னங்கன்று காணிக்கை, மணலில் முழந்தாளிட்டு மாதா குளம் வரை நகர்ந்து செல்லுதல் முதலியவை இத்தலத்தின் வழக்கங்களாகும். குணமடைந்த உறுப்புகளின் வெள்ளி, பொன் உருவங்கள் தனிக் காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

நேர்ச்சையும் அதன் எல்லையும்

இத்தலங்களை இணைக்கும் பொது வழக்கு நேர்ச்சை, அதாவது ஒன்றை வேண்டி அது நிறைவேறினால் இன்னது செய்வதாக வாக்களித்தல். முடி, உருவத் தகடு, கொடியேற்றம், தேர், புனித நீர், நடைப்பயணம் ஆகிய எல்லாம் மூன்று இடங்களிலும் ஏதோ ஒரு வடிவில் காணப்படுகின்றன. தென்னிந்திய முசுலிம், கிறித்தவச் சமூகங்களைப் பற்றி 1989இல் விரிவாக எழுதிய சூசன் பெய்லி, இச்சமூகங்கள் தமிழ்ச் சூழலிலிருந்து ஒதுங்கி நிற்கவில்லை என்றும், அரசாதரவு, மரியாதை உரிமை, வீரத் தெய்வ வழிபாடு ஆகியவற்றின் மொழியிலேயே தம் புனிதர்களைக் கொண்டாடின என்றும் காட்டினார்.

ஆனால் பொது வழக்கு எல்லையற்றதன்று. வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்றும் இந்து நற்கருணை பெறுவதில்லை; நாகூரில் மயிலிறகால் வருடி ஆசி பெறுபவர் தொழுகை வரிசையில் நிற்பதில்லை; கோயில் கருவறையின் வாயில் பூசகர் ஒருவர்க்கே உரியது. அடக்கத்தலங்களில் வேண்டுவது ஏகத்துவத்துக்கு முரண் என்று கூறும் இசுலாமியச் சீர்திருத்த இயக்கத்தினர் கந்தூரியைக் கடுமையாக மறுக்கின்றனர். மூன்று தலங்களையும் ஒரே நாளில் காட்டும் மும்மதச் சுற்றுலாவும் பெரும்பாலும் பேருந்து உரிமையாளரின் அமைப்பே. நேர்ந்துகொண்டு வரும் யாத்திரிகர் தமக்குரிய தலத்துக்கே நேராகச் சென்று, நேரம் இருந்தால் மற்றவற்றையும் எட்டிப்பார்க்கிறார்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிறித்துமசுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்த யாத்திரிகர் பலரும் அதில் அடங்குவர். அந்நாள்களில் நாகூர் தர்கா பல சமயத்தவர்க்கும் புகலிடமாயிற்று.

விழாக்காலங்கள் மூன்று வேறு நாட்காட்டிகளைப் பின்பற்றுகின்றன. வேளாங்கண்ணி விழா ஆங்கில நாளில் நிலைத்து நிற்க, சிக்கல் சஷ்டி தமிழ் மாதத்தையும் திதியையும் ஒட்டி வர, கந்தூரி ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகர்ந்து சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010இல் ரயில் பாதை திறக்கப்பட்டது.

கடல்கடந்த கிளைகள்

துறைமுகம் தளர்ந்தபின்னும் அதன் மாலுமிகள் கொண்டுசென்ற வழிபாடு நிலைத்தது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்காவின் மாதிரியில் எழுந்த கட்டடம் 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, இப்போது இந்திய முசுலிம் மரபுடைமை நிலையமாக உள்ளது. பினாங்கின் சூலியா தெருவிலும், இலங்கையின் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலிலும் இதே பெரியாரின் பெயரால் அடக்கமில்லாத நினைவிடங்கள் உள்ளன. கல்முனையில் கொடியேற்றமும் கந்தூரியும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. வேளாங்கண்ணி மாதாவுக்குச் சென்னை பெசன்ட் நகரில் எழுந்த ஆலயமும் அதே ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை விழா எடுக்கிறது.