அடைக்கலம் தந்த புதுவை

கோட்டக்குப்பத்திலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள புதுவை, ஆர்க்காட்டு நவாபு குடும்பத்து மாதர்க்கு ஒரு காலத்தில் அடைக்கல மனையாய் இருந்தது என்பதை இப்பக்கத்தார் பலரும் நினைப்பதில்லை.

1740 மே மாதம் மராட்டியத் தளபதி ரகுஜி போன்ஸ்லேயின் படை தமலச்செருவுக் கணவாயில் நவாபு தோஸ்த் அலிகானை வென்றது. நவாபும் அவர் மகன் ஹசன் அலியும் களத்திலேயே மாண்டனர். செய்தி கேட்ட நவாபின் விதவை, குடும்பத்தோடும் செல்வத்தோடும் புதுவைக் கோட்டை வாயிலை நோக்கி வந்தார். நவாபின் மருமகனான சந்தா சாகிபின் மனைவியும் மகனும் அங்கேயே புகலடைந்தனர். ஆளுநர் டூமா தம் சபையைக் கூட்டி ஆராய்ந்து, உரிய மரியாதையுடன் அவர்களை உள்ளே ஏற்றார்.

இதைக் கருணை என்பதா, கணக்கு என்பதா? இரண்டும் இருந்தன என்றே கொள்ளவேண்டும். முந்திய ஆண்டில்தான் சந்தா சாகிபின் உதவியால் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்தது. அந்த நன்றியை டூமா மறந்திருக்கமாட்டார். ஆயினும் 1741-இல் திருச்சிராப்பள்ளி வீழ்ந்து, சந்தா சாகிபு சிறைப்பட்டுச் சத்தாராவுக்குக் கொண்டுபோகப்பட்டபின், அவர் மனைவி மக்களையும் பொருளையும் ரகுஜி மிரட்டிக் கேட்டபோது, டூமா மறுத்தாரே, அங்கே கணக்கு மட்டும் பேசவில்லை. அரபியர் ‘ஜிவார்’ என்பார்களே, அண்டினோரைக் காக்கும் அக்கடமையைக் கடல்கடந்து வந்த ஒரு வணிகக் கும்பனியின் அதிகாரி நிறைவேற்றினார். (பிரெஞ்சு மதுவை ருசித்துத்தான் ரகுஜி சினம் தணிந்தார் என்றொரு கதையும் உண்டு, கதை கதையாகவே இருக்கட்டும்.) முகலாயப் பேரரசர் முகம்மது ஷா டூமாவுக்கு நவாபுப் பட்டம் அளித்தார்.

வியப்பு இதனினும் பெரிது. இதே சந்தா சாகிபு, சில ஆண்டுகளுக்கு முன் திருச்சி அரசி மீனாட்சிக்குத் திருக்குர்ஆன் மீது ஆணையிட்டு உறுதி கூறி, பின்னர் அவ்வுறுதியை மீறி நாட்டைக் கைப்பற்றினார் என்பர். அரசி நஞ்சுண்டு மாண்டாள் என்பதும் வழிவழிச் செய்தி. ஒரு பெண்ணின் நம்பிக்கையை முறித்தவர், தம் பெண்களை அயலான் ஒருவனுடைய சொல்லை நம்பி ஒப்படைத்தார்! இதை மறைத்து அவரைப் புகழ்வது வரலாறாகாது.

1742-இல் டூப்ளே ஆளுநராய் வந்தார். அவர் மனைவி ழான் புதுவையிலேயே பிறந்தவர், தமிழ் அறிந்தவர். மக்கள் அவரை ‘ழான் பேகம்’ என்றனர். சுதேச அரசர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தில் கணவருக்குத் துணைநின்றவர் அவர். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்கோ அவரைக் கண்டாலே ஆகாது. பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்போர் இதை நன்கு அறிவர். கணவனைப் பிரிந்த சந்தா சாகிபின் மனைவி சிறைமீட்சிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது இந்த அம்மையாரின் ஊரில்தான். மீட்புப் பணத்துக்கு டூப்ளே பிணை நிற்க, 1748-இல் சந்தா சாகிபு விடுதலை பெற்றார்.

1749-இல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கானை வென்று நவாபானார். புதுவையைச் சூழ்ந்த பல ஊர்களைப் பிரெஞ்சுக்காரர்க்கு அளித்து நன்றிக்கடன் தீர்த்தார். ஆனால் 1752 ஜூனில் திருவரங்கத்தில் முற்றுகைப்பட்டு வழியற்றுப் போனபோது, தப்புவிப்பதாக ஆணையிட்ட தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிச் சரணடைந்தார். மானோஜி அவர் தலையைக் கொய்வித்தான். அது முகம்மது அலிக்கு அனுப்பப்பட்டது. அன்று புதுவைக்குப் புகலிடம் தேடி வந்த மகன் ராசா சாகிபையே டூப்ளே அடுத்த நவாபாக அறிவித்தார்.